லெவலை ஏற்றும் முன் ஒயரைப் பாருங்கள்: தோட்டத்து நாய்க் காலரில் வரும் கோளாறுகள்

பெங்களூரில் 30×40 அடி சைட்டில் வீடு கட்டினால் பின்பக்கம் மிஞ்சுவது பத்தடி மண்தான். எங்கள் ராமமூர்த்தி நகர் வீட்டிலும் அவ்வளவுதான். ஒரு கறிவேப்பிலை, இரண்டு ரோஜா, ஒரு கொத்தமல்லிப் பாத்தி. அதை எங்கள் நாய் வீரா தோண்டாமல் இருக்க எல்லைக் காலர் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. நான் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் வேலை பார்த்தவன் என்பதால், இதே கருவி வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் கூப்பிடுவார்கள். போனதும் கேட்கும் முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்: "அண்ணா, லெவலை இன்னும் எவ்வளவு ஏத்தணும்?"

லெவல் என்றால் காலர் நாய்க்குக் கொடுக்கும் மின்துடிப்பின் அளவு. நான் பார்த்தவற்றில் அதை ஏற்றிச் சரியான கோளாறு மிகக் குறைவு. ஒயர், ஜாயிண்ட், பழக்கம், இந்த மூன்றில் ஒன்றில்தான் பழுது இருந்தது. மெஷினின் பழுதுக்கு வலி வாங்குவது நாய். அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை காலரைக் கழுத்திலிருந்து கழற்றுவது. கையில் வைத்துச் சோதித்து முடியும்வரை மறுபடி மாட்டாதீர்கள்.

நான் சொல்வது ஒயர் வகையைப் பற்றி: வீட்டுக்குள் ஒரு பெட்டி, அதிலிருந்து கிளம்பி பாத்தியைச் சுற்றிப் பெட்டிக்கே திரும்பும் ஒரே ஒயர் (இந்த வட்டம்தான் லூப்), நாயின் கழுத்தில் ரிசீவர் காலர். நாய் ஒயரை நெருங்கினால் முதலில் பீப், இன்னும் நெருங்கினால் அதிர்வு அல்லது சுருக்கென்ற மின்துடிப்பு. அந்தத் துடிப்பு காலரின் பேட்டரியிலிருந்து வருகிறது. தரையில் ஓடும் ஒயரில் ஷாக் கிடையாது, மெல்லிய சிக்னல் மட்டும்தான். இதைப் புரியாமல் வீட்டுக் கரண்டை வேலிக் கம்பியில் கொடுக்கலாமா என்று கேட்டவரும் உண்டு. கூடவே கூடாது. நாய் மட்டுமல்ல, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் மனிதரும் செத்துப்போவார்.

தேவையானவை: மல்டிமீட்டர், காலருடன் வந்த சோதனை பல்பு, பத்திருபது மீட்டர் உதிரி ஒயர். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்லாம் கிடைக்கும். சோதிக்கும்போது காலரின் பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்துக்கொண்டு, நாயின் கழுத்து உயரத்துக்குக் குனிந்து, கழுத்தில் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து மெதுவாக ஒயரை நோக்கி நடக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு "பீப் வரவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

## பெட்டி விடாமல் கத்துகிறது, லூப் விளக்கு எரியவில்லை

பெரும்பாலும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஆனால் உடனே மண்ணைத் தோண்டாதீர்கள்.

பெட்டியின் பின்னால் ஒயர் சொருகும் இடத்தைப் பாருங்கள். வீடு துடைக்கும்போது துடைப்பம் பட்டு ஒரு முனை கழன்றிருக்கும். பச்சை பூத்திருந்தால் முனையை வெட்டிவிட்டு, புதிதாக உரித்துச் சொருகுங்கள்.

அடுத்து, பெட்டி நல்லதா என்று தீர்மானியுங்கள். தோட்டத்து ஒயர் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, உதிரி ஒயரை ஒரு வட்டமாக விரித்துப் பெட்டியில் மாட்டுங்கள். சில பெட்டிகளுக்கு மிகக் குட்டையான ஒயர் ஆகாது. குறைந்தபட்ச நீளம் கையேட்டில் இருக்கும். கத்தல் நின்று விளக்கு எரிந்தால் பெட்டி நல்லது, குற்றம் தோட்டத்தில். உதிரி ஒயரிலும் கத்தினால் பெட்டிதான் போயிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியோடு மழை கொட்டுமே, அதற்கு அடுத்த நாள்தான் இப்படி வரும். தோட்டம் முழுக்க ஓடும் ஒயர் இடியின் வீச்சை வாங்கிப் பெட்டிக்குக் கொண்டுவந்துவிடும். வானம் கறுத்தால் பெட்டியின் பிளக்கையும் பிடுங்கி, ஒயர் முனைகளையும் கழற்றிவிடுவது என் பழக்கம். காலரையும் அப்போதே கழற்றிவிடுகிறேன்.

பெட்டி நல்லது என்றால் மல்டிமீட்டர். கழற்றிய இரண்டு முனைகளிலும் ஓம் (மின்தடை) பாருங்கள். 0.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் 100 மீட்டருக்கு மூன்றரை, நாலு ஓம் காட்ட வேண்டும். சின்னத் தோட்டத்தில் ஒன்று, இரண்டு. எண்ணே வராவிட்டால் அறுந்திருக்கிறது. இருபது, முப்பது என்று ஆடினால் அறவில்லை, ஜாயிண்ட் துரு பிடித்திருக்கிறது.

அறுந்த இடத்தைத் தேட, கடைசியாக மண்வெட்டி எங்கே விழுந்தது என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். தோட்டக்காரர், பைப் போட வந்த பிளம்பர், பெருச்சாளி. வடிகால் ஓரத்து வீடுகளில் பெருச்சாளி ஒயரைக் கடிப்பது சாதாரணம். கார் ஏறி இறங்கும் இடம், சிமெண்ட் தரையின் விரிசல், இரண்டையும் கூடவே பாருங்கள்.

கண்ணுக்குப் படவில்லையென்றால் பாதி பாதியாகப் பிரியுங்கள். லூப்பின் நடுவில் ஓரிடத்தில் ஒயரை வெட்டுங்கள். அங்கிருந்து உதிரி ஒயரைப் பெட்டிவரை கொண்டுவந்து, முதல் பாதியோடு சேர்த்து மீட்டரில் கன்டினியூட்டி (ஒயர் நடுவில் அறாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். மீட்டரில் பீப் வந்தால் முதல் பாதி நல்லது, அடுத்த பாதியை மறுபடி நடுவில் பிரியுங்கள். மூன்று, நாலு தடவையில் இரண்டு மீட்டர் தூரத்துக்குள் வந்துவிடும். வெட்டிய இடங்களையெல்லாம் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போட்டு மூடுங்கள்.

லூப்பில் நாலைந்து இடங்களில் கோளாறு என்றால் ஒட்டுப்போடாதீர்கள். முழு ஒயரையும் மாற்றுவதே மலிவு. பெட்டி இடியில் அடிபட்டிருந்தால் கருவி விற்றவரிடம் கொடுங்கள். அதோடு, வீட்டு எர்த்திங்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். பெட்டி போயிருந்தால் ஃப்ரிட்ஜும் ஆபத்தில் இருக்கிறது.

## பெட்டியில் எல்லா விளக்கும் எரிகிறது, காலரில் சத்தமே இல்லை

காலர் ஆன் ஆகியிருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல் என்றால் 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியாக இருக்கும், மாட்டும் திசை மாறினால் உயிர் வராது. சார்ஜ் ஆகும் மாடலில் சார்ஜிங் முனையில் அழுக்கு சேரும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

பிறகு பெட்டியில் எல்லை அகலத்தைக் கூட்டும் திருகைப் பாருங்கள். யாராவது குறைத்து வைத்திருந்தால், ஒயரின் மேலேயே வைத்தால்தான் காலர் பேசும்.

சின்னத் தோட்டங்களுக்கே உரிய ஒரு பிழை உண்டு. போகும் ஒயரும் திரும்பும் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் இரண்டின் சிக்னலும் ஒன்றையொன்று அழித்துவிடும். குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும், ஒன்றரை இருந்தால் நிம்மதி. நம் பாத்தியோ இரண்டடி அகலம். அதைச் சுற்றி ஒயர் போட்டால் விளக்கு எரியும், மீட்டர் நல்ல எண் காட்டும், காலர் மட்டும் ஊமையாக இருக்கும். பக்கத்துத் தெரு அக்கா வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. போகும் ஒயரைத் தரையோடு விட்டு, திரும்பும் ஒயரைக் காம்பவுண்ட் சுவரின் தலையில் ஏற்றினேன். ஐந்தடி உயரம். அன்றைக்கே சரியானது. இடைவெளி பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, மேல்கீழாக இருந்தாலும் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் காலர் பேசவில்லையென்றால், உள்ளே தண்ணீர் போயிருக்கலாம். திறந்து காயவைக்கும் வேலை வேண்டாம். திரும்ப மூடும்போது ரப்பர் சீல் உட்காராது. காலர் மாற்ற வேண்டியதுதான். இந்தக் கருவியில் பெரிய செலவு இதுதான்.

## கையில் பீப் வருகிறது, நாய் மட்டும் உள்ளே போகிறது

இங்கேதான் எல்லோரும் லெவலை ஏற்றுகிறார்கள். கடைசியாகத் தொட வேண்டியது அது.

முதலில் பழக்கம். கொடி நட்டு, கயிறு பிடித்து, பீப் கேட்டதும் திரும்பினால் தின்பண்டம் என்று இரண்டு வாரமாவது சொல்லிக்கொடுத்தீர்களா? ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிஷம், பீப் மட்டும் வைத்து. இதைச் செய்யாமல் காலரைப் போட்டு விட்ட நாய்க்கு அந்தச் சத்தம் என்னவென்றே தெரியாது. வலி எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது. துள்ளி முன்னால் ஓடும், முன்னால் ஓடினால் பாத்திக்குள்தான் போகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இது வேண்டாம்.

அடுத்து, பாத்தியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? இதைக் கேட்காமல் நான் இப்போது எந்த வீட்டிலும் காலரைத் தொடுவதில்லை. எலும்புத்தூள், மீன் அமிலம், கருவாட்டுத்தூள், இவற்றை மண்ணில் கலந்துவிட்டு நாயைத் தோண்டாதே என்றால் அது எப்படிக் கேட்கும்? நாம் விருந்து புதைத்து வைத்திருப்பதாகத்தான் அதற்குப் படும். எங்கள் வீட்டு ரோஜாவுக்கு எலும்புத்தூள் போட்ட வாரம் வீரா மூன்று முறை எல்லையைத் தாண்டினாள். மண்புழு உரத்துக்கு மாறின பிறகு அந்தப் பக்கம் மூக்கைக்கூட வைக்கவில்லை. ஆமணக்குப் புண்ணாக்கு போட்டிருந்தால் இன்றைக்கே அள்ளி எடுங்கள். அதில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது, தின்ற நாய் செத்துப்போகவும் கூடும். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி, பேதி வரும்வரை காத்திருக்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

தோண்டுவதற்கு வெயிலும் ஒரு காரணம். மார்ச், ஏப்ரலில் ஈரமண்ணின் குளிர்ச்சியைத் தேடித்தான் நாய் குழி பறித்துப் படுக்கிறது. நிழலில் ஒரு மூலையை அதற்கென்று விட்டு, மணல் கொட்டி, காலையில் தண்ணீர் தெளித்து வைத்தால் பாதிப் பிரச்சினை காலர் இல்லாமலே போய்விடும்.

மூன்றாவது, துடிப்பைக் கொடுக்கும் காலரின் உலோக முனைகள் தோலைத் தொடுகின்றனவா? லாப்ரடார், பொமரேனியன் போல அடர்ந்த முடி இருந்தால் நீள முனை போட வேண்டும், அல்லது அந்த இடத்தில் மட்டும் முடியைக் கொஞ்சம் கத்தரிக்க வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற மெல்லிய தோலுக்குக் குட்டை முனையே தாராளம். முனைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் போகும் அளவுக்குப் பட்டை இருந்தால் சரி. கழுத்தில் தொங்கும் உலோக லைசென்ஸ் வில்லை முனையில் உரசினாலும் கோளாறு வரும். அதை வேறு பட்டையில் மாட்டுங்கள்.

நாலாவது, எல்லையின் அகலம். ஓரடி அகலம் வைத்தால் ஓடிவரும் நாய் பீப்பையும் துடிப்பையும் ஒரே தாவலில் கடந்துவிடும். இடம் விட்டால் மூன்றடியாவது வையுங்கள்.

இவை நாலும் சரியாக இருந்து, இரண்டு வாரப் பழக்கமும் முடிந்து, பிறகும் நாய் பீப்பைச் சட்டை செய்யவில்லையென்றால் அதிர்வுக்குப் போங்கள். அதற்கு மேல் ஒரே ஒரு படி. காது லேசாகத் திரும்ப வேண்டும், தலை திரும்ப வேண்டும், அது போதும். கத்தினால் நீங்கள் தாண்டிவிட்டீர்கள், உடனே இறக்குங்கள். அந்தப் படியிலும் கேட்காத நாய்க்கு இந்தக் கருவி பொருந்தாது. மூன்றடி உயரத்துக்குக் கம்பி வலை அடியுங்கள்.

## எல்லையே இல்லாத இடத்தில் பீப் அடிக்கிறது

ஹாலில் படுத்திருக்கும் நாயின் கழுத்தில் பீப் வந்தால் மற்ற எல்லா வேலையையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். தப்பு எதுவும் செய்யாமல் வலி வாங்குகிறது அது.

அகலத் திருகைக் குறையுங்கள். பத்தடித் தோட்டத்தில் ஐந்தடி அகலம் வைத்தால் எல்லை சுவரைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்துவிடும்.

பெட்டியிலிருந்து பாத்திவரை வரும் இரட்டை ஒயர் முறுக்கியிருக்க வேண்டும். முறுக்கினால் சிக்னல் அழிந்துபோகும், நாய் அதன் மேல் தாராளமாக நடக்கலாம். 30 செண்டிமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு முறுக்கு வேண்டும். கையால் சுற்றினால் அவ்வளவு வராது. ஒரு முனையைக் கேட்டில் கட்டி, மறு முனையை டிரில் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள்.

அதுவும் சரி என்றால், எல்லை ஒயர் கேபிள் டிவி ஒயருக்கோ கரண்ட் லைனுக்கோ இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். சிக்னல் அந்த ஒயரில் ஏறி வீடெங்கும் போய்விடும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். சுவருக்குள் போகும் லைனை மாற்றும் வேலை எலக்ட்ரீஷியனுடையது, நீங்கள் இடிக்காதீர்கள்.

ஒயரில்லாமல் பெட்டியைச் சுற்றி வட்டமாக எல்லை போடும் வகையை வாங்கியவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 30×40 சைட்டில் அந்த வட்டம் வீட்டின் பாதியை விழுங்கிவிடும். இரும்பு கேட், ஜன்னல் கிரில், நிறுத்தின கார் எல்லாம் சேர்ந்து அதன் வடிவத்தை நாளுக்கு நாள் மாற்றும்.

## சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை

மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தரும் அறிகுறி இது.

இரண்டாவது வருஷம் ஆகஸ்ட் மழையில் எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆனது. வீரா ஒரு நாள் திரும்புவாள், மறுநாள் நேரே உள்ளே போவாள். பிடிவாதம் என்று நினைத்து 2-இல் இருந்த லெவலை 5-க்கு ஏற்றினேன். நாலு நாள் கழித்து வெயில் அடித்தது. துளசி மாடத்துப் பக்கம் போனவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பதினோரு நாள் பின்வாசலைத் தாண்டவில்லை. சோறு வைத்தால்கூட வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் தின்றாள். பிறகு தோண்டிப் பார்த்தால், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடிக்கு அருகே நான் போட்ட ஜாயிண்ட். வெறும் இன்சுலேஷன் டேப். உள்ளே செம்பு பச்சையாகி, ஈரத்தில் பிடியும் விடும், காய்ந்தால் பிடிக்கும். தப்பு முழுக்க என்னுடையது.

அதனால், விட்டு விட்டு வேலை செய்தால் அன்றே காலரைக் கழற்றுங்கள். மண்ணுக்குள் டேப் சுற்றிய ஜாயிண்ட் எத்தனை என்று எண்ணி, எல்லாவற்றையும் வெட்டிச் சால்டர் வையுங்கள், அல்லது ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள். சரிசெய்த பிறகு ஈரத்தில் ஒரு முறை, காய்ந்த மண்ணில் ஒரு முறை ஓம் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக வந்தால்தான் காலர் திரும்பக் கழுத்துக்குப் போக வேண்டும், அதுவும் மறுபடி பீப் மட்டும் வைத்து.

கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் வேலை செய்யவில்லையென்றால், பெட்டியை யூபிஎஸ் லைன் பாயிண்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

## கழுத்தில் புண், முடி கொட்டின வட்டம்

காலரைக் கழற்றுங்கள். இதில் சரிபார்க்க வேண்டியது வேறு ஒன்றும் இல்லை.

ஷாக்கால் சுட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழுத்தப் புண்தான். நாளெல்லாம் ஒரே இடத்தில் முனை அழுத்திக்கொண்டிருப்பதால் ரத்த ஓட்டம் குறைந்து தோல் அழுகுகிறது. இரண்டு புள்ளிகள், முனைகளின் அதே இடைவெளியில் இருந்தால் அதுதான். வெறும் சிவப்பாக இருந்தால் வெந்நீரை ஆறவிட்டுக் கழுவி, உலர வையுங்கள். நீர் வடிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, தொட்டால் நாய் சீறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். மஞ்சள் பூசி இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், மேலே ஆறி உள்ளே சீழ் வைக்கும்.

முழுதாக ஆறி முடி முளைத்த பிறகே காலரைப் பற்றி யோசியுங்கள். நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலரின் இடத்தை நகர்த்துங்கள். வாரத்துக்கு ஒருமுறை கழுத்தையும் முனைகளையும் கழுவித் துடைக்கும்போது உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பட்டைக்கு அடியில்தான் அது ஒளியும்.

## நாய் தோட்டத்துக்கே வர மாட்டேன் என்கிறது

வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது, காலரை எடுத்தாலே நடுங்குகிறது என்றால் இது எலக்ட்ரீஷியன் பார்க்கும் கோளாறு இல்லை. கருவியை நிறுத்திவிடுங்கள். வேல்ஸில் 2010-லேயே மின்துடிப்புக் காலர்களைத் தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, அதன் 11-ஆம் பிரிவு, விலங்குக்குத் தேவையற்ற வலி கொடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் சட்டத்துக்காக நிறுத்தச் சொல்லவில்லை. பயந்த நாய் ஒருநாள் குழந்தையைக் கடிக்கும். மருத்துவரிடம் சொல்லி, நாய்களின் நடத்தை தெரிந்த ஒருவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு வலை.

வீராவுக்கு இன்று காலரில் பீப் மட்டும்தான். துடிப்பு லெவல் சுழியத்தில் இருக்கிறது. நாலு வருஷமாக அதைத் தொடவில்லை.

## காலர் போட்ட நாய் வரவில்லை, தெருநாய் வருகிறது

இந்தக் கருவி அதற்கு இல்லை. தெருநாய்க்குக் காலர் மாட்டலாமா என்று கேட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். கூடாது. பழக்கவும் முடியாது, தினமும் கழற்றவும் முடியாது, புண் வைத்துக்கொண்டு அலையும்.

கேட்டின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருக்கும், வழி அதுதான். தகடோ, வெல்ட் செய்த வலையோ அடித்து மூடுங்கள். குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து, மூடி போடுங்கள். கருத்தடைக்கும் ரேபிஸ் ஊசிக்கும் மாநகராட்சியில் புகார் பதியுங்கள். 2023-ஆம் வருஷ விலங்குக் கருத்தடை விதிகளின்படி அது உள்ளாட்சியின் பொறுப்பு. கேட்டுக்கு வெளியே ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால், எங்கள் தெருவில் பார்த்தவரை, சம்ப் பக்கம் தேடி உள்ளே நுழைவதும் குறைகிறது.